கஞ்சி போட்ட தூண்டில் கயிறு

என் மனைவி நாகமணி போய்ச் சேர்ந்து, வருகிற தை மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. அவளோடு ஒரே ஒருமுறை கடலுக்குப் போனேன். அதைச் சொல்லிச் சிரிக்க இப்போது பக்கத்தில் ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

உலகச் சண்டைக்காலம், நாற்பத்து நாலு என்று நினைவு. நூல் கிடைக்காமல் எங்கள் அருப்புக்கோட்டையில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. நாகமணிக்கு மசக்கை. கேப்பைக் கூழ், மோர், ரசம், எதுவும் வயிற்றில் கால் நாழிகை தங்கவில்லை. ஒரு மாதத்தில் கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

"மனசு எதைக் கேக்குதோ அதைக் குடுங்க. இப்படியே போனா ரெண்டு உசிருக்கும் ஆகாது" என்றார் வைத்தியர்.

அவள் யோசிக்கவே இல்லை. "கடல் மீனு. கருவாடு வேண்டாம். புடிச்ச ஈரம் காயாம வேணும்."

எங்கள் சந்தைக்குக் கருவாடு கொண்டு வருகிற கடலோர நரிப்பையூர்க் கோட்டைச்சாமியிடம், எங்களையும் கடலுக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டேன்.

"நீ தறியில நெய்ஞ்ச துண்டு ஒண்ணு குடு தம்பி, வள்ளத்துல ஏத்திக்கிறேன். தூண்டில் கயிறு மட்டும் கொண்டாந்துரு. நூல் இல்லாத காலம், எங்கிட்ட இருக்கிறது என் பொழப்புக்கே காணாது."

கயிறுதானே? தறியில் மிஞ்சிய இழைகளை எட்டெட்டாகச் சேர்த்து முறுக்கினேன். முறுக்கி முடித்ததும் கை தானாகக் கஞ்சியில் தோய்த்தது. தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே பழகிய கை. காய்ந்தபின் கம்பி மாதிரி விறைத்து நின்றது. எனக்கு ஒரே பெருமை.

பெட்ரோல் இல்லாத காலமாதலால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் சாயல்குடி வரை, அப்புறம் மாட்டுவண்டி. நான், நாகமணி, அவள் தம்பி பாலையா. மறுநாள் விடிந்ததும் வள்ளத்தில் ஏறினோம். கோட்டைச்சாமி என் கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மொறமொறங்குது?"

"கஞ்சி போட்டிருக்கேன் அண்ணாச்சி."

"தூண்டில் கயிறு தண்ணியில ஊறிப் பிரியாம இருக்கப் பனிச்சங்காய்ச் சாறுல்ல ஏத்துவாக! தண்ணிக்குள்ள கஞ்சி நிக்குமா? மீனுக்கு வேட்டி நெய்யவா வந்தீக?"

வள்ளம் ஆடுகிற அளவுக்குப் பாலையா சிரித்தான். நாகமணி பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஆனால் கரை மறைந்ததும் வாந்தி எடுத்தது நான்தான்.

"மசக்கை யாருக்கு மாமா?" என்றான் பாலையா.

இறாலைத் தூண்டில் முள்ளில் கோத்துக் கயிற்றை இறக்கினேன். கஞ்சி கரைந்து கழனித்தண்ணீர் போலப் பரவியது. பொடி மீன்கள் கூட்டமாக வந்து முள்ளை விட்டுவிட்டுக் கயிற்றைக் கொறித்தன.

"பந்தியே போட்டுட்டியே தம்பி" என்ற கோட்டைச்சாமி, சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதீக. சிறுசு கூடுற எடத்துக்குப் பெருசு வரும்."

வந்தது. கை அறுபடுகிற மாதிரி ஒரு இழுப்பு. கஞ்சி போன கயிறு முறுக்கு விட்டு இழை இழையாகப் பிரிந்தது. பயத்தில் நான் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். இரண்டு இழை அறுந்தது.

"இழுக்காதீக! விடுங்க!"

கண்ணைத் திறந்த நாகமணிதான் கத்தினாள்; கத்தியபடியே கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். பிரிந்த இடத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி முறுக்கேற்றினாள். மீன் ஓடினால் விட்டுக்கொடுத்தாள். தளர்ந்தால் கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றினாள், வீட்டில் நூல்கழி சுற்றுவது போலவே. எந்த நூல் எவ்வளவு தாங்கும் என்று எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் தெரியும்.

கோட்டைச்சாமி துடுப்பை மடியில் வைத்துவிட்டார். "தங்கச்சி எந்தக் கரையில பொறந்துச்சு?"

"தறிக்குழிக் கரையிலதான்" என்றான் பாலையா.

முழ நீள விளமீன் ஒன்று வள்ளத்துக்குள் விழுந்து துள்ளியது.

கோட்டைச்சாமியின் மனைவி சந்தனம்மாள் புளி கரைத்துவிட்டுக் குழம்பு வைத்தாள். நாகமணி ஒரு துண்டைத் தின்றாள். நாங்கள் மூவரும் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தோம். கால் நாழிகை போனது. அரை நாழிகையும் போனது.

"எதுக்கு எல்லாரும் என் வாயவே பாக்குறீக? இதென்ன கொதிக்கிற ஒலையா?" என்றவள், இலையைச் சந்தனம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

"நடுத்துண்டு இன்னொண்ணு வைங்க அக்கா. இவுகளுக்குக் கஞ்சி போதும்."