தூங்குமூஞ்சியின் போன்

அன்று தேதி பதினேழா பத்தொன்பதா என்று என்னால் இப்போது அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மற்றதிலும் ஒன்றிரண்டு பிசகியிருக்கலாம். ஆனால் பட்டியலில் நான்காவதாக இருந்த பெயரில் மட்டும் சந்தேகமில்லை.

அந்த வீட்டின் இளையவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஓடாத வாஷிங் மெஷின்களுக்காக ஊர்ப்பட்ட ஜனங்களிடம் திட்டு வாங்க வேண்டும். மாதம் பாதி தாண்டினால் இன்டர்நெட் நொண்டியடிக்கும். அவன் குரல் எதிர்முனைக்குத் துண்டு துண்டாகப் போகும். "இன்னொரு கால் கட் ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"அன்லிமிடெட்னுதானே குடுத்தீங்க?"

"அன்லிமிடெட்தான் சார்," என்றாள் அந்தப் பெண். "லிமிட் முடிஞ்சா ஸ்பீடு மட்டும் குறையும்."

"லிமிட் இருக்கற அன்லிமிடெட்டா? நல்லா பேர் வெச்சீங்க போங்க. இங்க யாரும் படம்கூடப் பாக்கறதில்லைங்க."

"பாக்கறது மட்டும் இல்ல சார், உங்க வீட்டுலேருந்து வெளிய அனுப்பறதும் சேரும். மோடத்துல என்னென்ன கனெக்ட் ஆயிருக்குன்னு பாருங்க."

பார்த்தான். அவனுடைய கம்ப்யூட்டர், அம்மாவின் போன், அண்ணியின் போன். நான்காவது, தூங்குமூஞ்சி.

அண்ணி அண்ணனைக் கூப்பிடும் பேர் அது. அதையே தன் போனுக்குச் சூட்டிவிட்டுச் சிரித்தவன் அண்ணன். சாலை விபத்தில் அவன் போய் எட்டு மாதம்.

அந்தப் போன் அண்ணியின் அலமாரிக்குள் எப்போதும் சார்ஜில் கிடப்பது அவனுக்குத் தெரியும். அணைக்க மனசு வராமல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். கேட்டால் அழுவாள். கேட்காமலே 'தடை செய்' என்பதை அழுத்தினான். அதன் பிறகு ஒரு காலும் அறுபடவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணி அந்தப் போனை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். பேட்டரி உப்பி, முதுகு பிளந்திருந்தது.

"தம்பி, இது போயிடுச்சா?"

"போயிடுச்சு அண்ணி."

"ஸ்கிரீன் விபத்து அன்னைக்கே செத்துடுச்சு. ஆனா சார்ஜ்ல இருந்தா, அவர் எடுத்த வீடியோ எல்லாம் பழசுலேருந்து ஒவ்வொண்ணா தானா நெட்ல ஏறும். என் போன்ல பாத்துக்குவேன். மாசக் கடைசியில நத்தை மாதிரி ஊரும். ஒண்ணாந்தேதி பொறந்தா சரியாயிடும்னு இருந்தேன். இந்தத் தடவை ஒண்ணுகூட ஏறல."

"கடைசியா எது ஏறுச்சு?"

"ஆஸ்பத்திரி வாசல். நான் வயித்தைப் பிடிச்சிட்டு, 'படம் எடுத்தது போதும், சீக்கிரம் வா தூங்குமூஞ்சி'ன்னு கத்தறேன். அவர் சிரிக்கற சத்தம் மட்டும் கேக்குது."

போனின் பிளந்த முதுகைத் தடவினாள்.

"பாப்பா பொறந்தது, அவர் அவளை எடுத்தது எல்லாம் அதுக்கப்புறம்தானே."

உள்ளே குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மாசமும் அதுக்குள்ள லிமிட் முடிஞ்சிடுச்சா, தம்பி?"

ஹெட்செட்டின் ஒயரை விரலில் சுற்றினான். பிரித்தான். மறுபடியும் சுற்றினான்.

"ஆமா அண்ணி," என்றான். "லிமிட்தான்."

பழுது பார்ப்பவர் அந்தப் போனில் எதுவும் தேறாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணி குழந்தையோடு தன் அக்கா வீட்டுப் பக்கம் குடிபோனாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அம்மா மறுவருடம் இறந்துபோனாள். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல் எங்கேயும் இல்லை. இளையவன் அதே வீட்டில், அதே வேலையில் இருக்கிறான். உண்மையை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.