நடக்க விடாத ஊர்

தேன்மொழிக்கு எட்டாம் மாதம். ஸ்ரீ சிட்டியில் புருஷனோடு இருந்தவரை போனில் வீடியோ போட்டு உடற்பயிற்சி செய்துவந்தாள். திருப்பதி டாக்டரம்மா சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அதைத் திருத்தினார். குதிக்கக் கூடாது, மல்லாந்து படுத்துச் செய்யக் கூடாது. சுவரைப் பிடித்துப் பாதி உட்கார்ந்து எழுந்தால் போதும். மூன்று வேளையும் சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசி. ஊசிக்கெல்லாம் தேன்மொழி அஞ்சுகிறவள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இதே எட்டாம் மாதத்தில் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இதுவாவது தங்க வேண்டும் என்பதுதான் அவள் பயம்.

பிரசவத்துக்கு, ஆந்திர எல்லையோரத்துப் பாலசமுத்திரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்தாள். நடக்க ரோடு இருந்தது. ஊர்தான் விடவில்லை.

முதல் நாள் பத்தடி வைப்பதற்குள் பால் வேன் நின்றது. "எக்கும்மா, எக்கு" என்று தெலுங்கில் ஏறச் சொன்னான் டிரைவர். வேண்டாமென்றால் மனசு நோகுமே என்று ஏறினாள். மத்தியானம் சச்சிவாலயம் என்கிற ஊராட்சி ஆபீஸ் கிளார்க்கின் ஸ்கூட்டி. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் எருமை ஓட்டிக்கொண்டு வந்தவர்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போனார். பிள்ளைத்தாச்சியை ஏற்றிவிட்டால் புண்ணியம். அந்த வாரம் ஊரில் புண்ணியத்துக்கு அப்படியொரு கிராக்கி.

ரோட்டை விட்டு வேர்க்கடலை காயவைக்கும் களத்துக்கு மாறினாள். அங்கே சுற்றிச் சுற்றி வந்தவளை நிறுத்தி, "இன்னாத்தத் தேடிக்கினு கீற?" என்று கேட்டு நான்கு பேர் கூடவே தேடினார்கள். தேடியது கிடைக்காததில் அவர்களுக்கு வருத்தம்.

புதன்கிழமை ஆட்டோக்கார திலீப் வழிமறித்தான். கூடப் படித்தவன்.

"நான் நடக்கணும்டா. டாக்டர் சொல்லிக்கீறாங்க."

"அது எனக்கு இன்னாத்துக்கு? உங்கம்மா வூடு வூடா வந்து சொல்லிட்டுப் போயிருக்குது. எம்பொண்ணு ரோட்டுல தெரிஞ்சா ஏத்தினு வந்து வுட்டுடுங்கன்னு. உன்னைய நடக்க வுட்டா உங்கம்மா என்னைய சும்மா வுடுமா?"

தேன்மொழிக்கு மூக்குமேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஆட்டோவிலேயே ஏறி வீட்டுக்கு வந்தாள்.

அம்மா சுந்தரம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்டி பண்ண? நடந்ததாலயா போன புள்ள தங்கல?"

"நடந்ததாலதான்" என்றாள் சுந்தரம்மா, முறத்தை நிறுத்தாமல். "பஸ் ஸ்டாப்ல இருந்து வெயில்ல நடந்து வந்த. சாயங்காலமே ஆஸ்பத்திரி."

"நடந்ததால இல்லன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாங்களே."

"சொன்னாங்க." முறம் நின்றது. "நீ வர்றேன்னு போன் பண்ண. நான்தான் ஆளு அனுப்பல. களையெடுப்புக்குப் போய்ட்டேன்."

தேன்மொழியின் கோபம் போன இடம் தெரியவில்லை. அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு வருஷமாக இதைச் சுமந்துகொண்டு அரிசி புடைத்திருக்கிறாள்.

"சாப்டுட்டு நீயும் வா" என்றாள்.

சாப்பிட்டதும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். திலீப் ஆட்டோவை மெதுவாக்கினான். "போடா, நாங்க நடந்துக்கினு கீறோம்" என்றாள் சுந்தரம்மா. அவன் மட்டுமல்ல, அதற்குப் பிறகு யாருமே நிறுத்தவில்லை.

பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டார்கள். சுந்தரம்மா நிழற்குடையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னிக்கு நடக்கும்போது வயிறு வலிச்சுதா?"

"இல்லம்மா. ஒண்ணும் வலிக்கல. வூட்டுக்கு வந்து, தண்ணி குடிச்சு, நீ வர்றதுக்குள்ள ஒரு தூக்கம்கூடப் போட்டேன்."

உண்மையைத்தான் சொன்னாள். இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

சுந்தரம்மா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேன்மொழி போனைப் பார்த்தாள். பதினைந்து நிமிடம் ஆக இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அம்மா அழுது முடிக்கும்வரை நிழற்குடையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.