அலறல் வரும் இடம்

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பழைய வியர்வையும் ஈரக் கம்பளமும் சேர்ந்து நாறின. சாக்ஸ்காரி மடியில் துணியை விரித்து, சாக்ஸபோனின் வாய்முனையில் கட்டும் மெல்லிய நாணல் ரீடு ஒன்றை எடுத்து, அதன் நுனியைப் பிளேடால் கீறினாள். புத்தம் புதிய, நல்ல ரீடு. ஒவ்வொரு மேடைக்கு முன்னாலும் இப்படி ஒன்றைக் கெடுக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் இப்படியில்லை. ஜாஸ் பயின்ற அவள், பங்க் பாட்டுக் கத்திய தொண்டை, இரண்டிலும் சேராமல் டிரம்ஸ் அடித்த அவள் தம்பி. தொண்டை என்பது பாடுகிறவனுக்கு அவர்கள் வைத்த பெயர். மூவர் குழுவுக்கு ஒரே சட்டம்தான்: வாசித்ததைத் திரும்ப வாசிக்கக் கூடாது. யாராவது திரும்ப வாசித்தால் தம்பி குச்சியை எறிவான். குறி தப்பாது.

முதல் இசைத்தட்டுப் பதிவின்போது பாட்டின் நடுவே அவள் ரீடு கிழிந்தது. கழுத்தறுபட்ட பன்றிபோல் சாக்ஸபோன் அலறியது. பதறி மூச்சை இழுத்தவள், நிறுத்தாமல் வாசித்து முடித்தாள். அந்த அலறல்தான் அவர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போனது. எங்கே போனாலும் கூட்டம் அந்த இடத்துக்காகக் காத்திருந்து கைபேசிகளைத் தூக்கியது. கேட்ட நேரத்தில் ரீடு தானாகக் கிழியுமா என்ன? அதனால் பிளேடு.

தொண்டை உப்புத்தண்ணீரைக் கொப்பளித்துத் தொட்டியில் துப்பினான். "ஆச்சா?"

அவள் பிளேடைக் கீழே வைத்தாள். "இன்னிக்குக் கீறாத ரீடுதான். அந்த இடத்துல மனசுல என்ன வருதோ அதை வாசிப்பேன். அதை வாசிக்க முடியலைன்னா இதோட நான் விலகிக்கறேன்."

"அம்மா தாயே, ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க. உன் மனசைக் கேக்கறதுக்கு இல்ல."

"அக்கா, ஒரு நிமிஷ விஷயம்," என்றான் தம்பி. "பல்லு புடுங்கற மாதிரி நெனச்சுக்க."

"ஒரு பல்லை ஒரு தடவைதான்டா புடுங்குவாங்க. நீ முன்னெல்லாம் குச்சிய எறிவியே?"

"இப்ப குச்சியில கம்பெனி பேரு போட்டிருக்கான்க்கா. எறிஞ்சா கோவிச்சுக்குவான்."

தொண்டை விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கீறிய ரீடை மேசையில் வைத்துவிட்டு, புதியதைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள்.

அந்த இடம் வந்தது. தூங்குகிறவரை எழுப்பாமல் கதவைச் சாத்துவதுபோல, தாழ்ந்த சுரத்தில் மெல்ல ஆரம்பித்தாள். இதுவரை அவளே கேட்டிராத ஒன்று. இரண்டு மூச்சுக்கூடப் போயிருக்காது.

கூட்டம் அலறியது.

ஒரே குரலாக, இம்மி பிசகாமல். அன்று அவள் பதறி இழுத்த மூச்சைக்கூட அத்தனை பேரும் ஒன்றாக இழுத்தார்கள். தொண்டை மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினான். தம்பியின் கை பழைய தாளத்தையே அடித்தது. அவள் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அவள் வாசித்தது அவள் காதுக்கே எட்டவில்லை.

அறைக்கு வந்ததும் தொண்டை நனைந்த சட்டையோடு அவளைக் கட்டிக்கொண்டான். "இன்னிக்கு மாதிரி அந்த அலறல் என்னிக்குமே வந்ததில்ல!"

அவள் அவனை விலக்கினாள். தம்பி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நீ என்னக்கா வாசிச்ச?"

"கேக்கலையா?"

"கேக்கல."

அவள் சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"நாளைக்கு மேடையில யாரு நிப்பா?" என்றான் தொண்டை.

"யாரு நின்னா என்ன? கீறின ரீடு மேசையில இருக்கு."

வாசலில் வழுக்கைத் தலையர் ஒருவர் வழிமறித்தார். குழுவின் படம் போட்ட சட்டை தொப்பையில் இறுகியிருந்தது. "தப்பா நெனக்காதீங்க மேடம், ஒரே நிமிஷம்," என்றவர், கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க அலறினார். எச்சில் அவள் கன்னத்தில் தெறித்தது.

"சரியா வருதா?"

"வருது," என்றாள் அவள். பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.