கடகடக்காத பெட்டி

ஒஹாயோவில், பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் சந்தையில் வெண்டெல் ஸ்டாஃபரின் கடைமுன் கூட்டம் நெரிந்தது. அவர் கையால் செய்யும் ஆன்டெனா ட்யூனர் பெட்டியை ஒவ்வொருவரும் காதருகே வைத்துத் தேங்காய் மாதிரி ஆட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஏதாவது கடகடத்தால்தான் வாங்கினார்கள். போன மாதம்தான் ஹாம் லைசென்ஸ் எடுத்த டோரீனுக்கு மண்டை காய்ந்தது. இவர்களுக்கெல்லாம் மறை கழன்றுவிட்டதா?

அவள் எடுத்த பெட்டியோ சத்தமே போடவில்லை.

"அதை வச்சிடும்மா, சரியில்லை," என்றார் பக்கத்தில் நின்ற ஹார்லன். "வெண்டெல் சரக்குன்னா ஒரு ஸ்க்ரூவாவது கழண்டு கிடக்கும். வீட்டுல பிரிச்சு நாமளே முடுக்கணும். அப்படிப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் நான் ரேடியோவே கத்துக்கிட்டேன். வேற கம்பெனி பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்!"

டோரீன் வெண்டெலிடமே போய்க் கேட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் எல்லாத்தையும் ஒழுங்கா முடுக்கித்தான் வித்தேன். ஒரு பய வாங்கலை. வெண்டெல் செத்துட்டான், வேற எவனோ செய்யறான்னு கிளப்பிவிட்டுட்டானுங்க. இப்போ நானே ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள போட்டுடறேன். இதுல மறந்துட்டேன்போல. வேற தரட்டுமா?"

"வேண்டாம், இதுலயே ரெண்டா கழட்டிப் போடுங்க," என்றாள் டோரீன். "நான் புதுசு, நிறையக் கத்துக்கணும்."