மூன்றாம் பெல்ட்

மீன் எண்ணெய் படிந்த தரையில் மண்டியிட்டு, வயரிங் வேலைக்கு வந்த ஒல்கேர் கம்பி முனைகளைச் சீவிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் ஆளும் பெட்டியில் இரண்டு கம்பிகளை முடுக்கி, அங்கிருந்து அடுத்த பெட்டிக்கு இழுக்க வேண்டும். கடைசியில் எல்லாம் சுவரிலிருக்கும் புதிய கேட்வேயில், வெளியிலிருந்து கட்டளை வாங்கித் தரும் கருவியில், போய்ச் சேரும். அதன்பின் மன்தா துறைமுகத்தின் இந்தச் சூரைமீன் ஆலையில் பெல்ட்டுகள், தொலைவிலுள்ள குவாயாகில் தலைமை அலுவலகம் சொல்லும் வேகத்தில் ஓடும்.

"தம்பி, அந்தக் குமிழைப் புடுங்கிடாத," என்றாள் எர்மெலிண்டா, மீனின் தோலை உரித்தபடியே. மூன்றாம் பெல்ட்டில் அவள்தான் மூத்தவள். யாராவது ஒன்றுக்குப் போனால் குமிழைத் திருப்பி வேகத்தைக் குறைப்பாள்; போனவள் திரும்பியதும் ஏற்றிவிடுவாள். இந்த மாதம் குமிழ் நெல்வாவுக்காகத்தான் அதிகம் திரும்பியது. அவள் வயிறு மேசையில் முட்டியது.

"உள்ள இருக்கறவன் மூத்திரப்பை மேலயே உக்காந்திருக்கான். அவங்கப்பன் மாதிரியே, உக்காந்த எடத்த விட்டு நகர மாட்டேங்கறான்," என்றாள் எர்மெலிண்டா.

பெண்கள் சிரித்தார்கள். நெல்வாவும் சிரித்தாள்.

ஒல்கேர் இஞ்சினியர் அந்த்ராதேயிடம் போனான். "சார், குமிழும் வேலை செய்யட்டுமே. பெட்டியில அதுக்கு வழி இருக்கு."

"எதுக்கு?"

"பாத்ரூம் போறவங்களுக்கு."

"இடைவேளையில போகட்டும். எங்க வீட்டு நாய்கூட நேரத்துக்குத்தான் போகுது."

ஒல்கேர் திரும்பி வந்து மூன்றாம் பெட்டியில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகினான். கேட்வே கூப்பிட்டால் அந்தப் பெட்டிக்குக் கேட்காது. பழையபடி குமிழுக்கே கட்டுப்படும் என்று நினைத்தான். கட்டளை வராவிட்டால் மோட்டார் நின்றுவிடும்படி அந்த்ராதே முன்பே எல்லாப் பெட்டிகளிலும் பதித்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது.

மற்ற பெல்ட்டுகள் ஓடின. மூன்றாவது நின்றது.

"நிக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது," என்று மேஸ்திரி வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

ஒல்கேர் எர்மெலிண்டாவின் அருகில் குனிந்தான். "உங்களுக்காகத்தான்க்கா மாத்திப் போட்டேன்."

"யாருடா உன்னக் கேட்டா? இஞ்சினியர்மேல கோவம்னா அவன் சட்டையப் பிடி. எங்க சோத்துல ஏன் கைய வைக்கிற? சரி பண்ணு."

அவன் கம்பிகளை மாற்றினான். கேட்வேயின் திரையில் எல்லாப் பெட்டிகளும் பச்சையாயின. பெல்ட் முன்பைவிட வேகமாகப் புறப்பட்டது.

ஒன்றுக்குப் போகக் கேட்டு நெல்வா கையைத் தூக்கினாள். மேஸ்திரி தலையை ஆட்டி மறுத்தான். எர்மெலிண்டா குமிழை அடிவரை திருப்பினாள். மீன்கள் அதே வேகத்தில் வந்தன.

தொடைகளை நெருக்கிக்கொண்டு நெல்வா உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் கத்தி நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. எர்மெலிண்டா தரை கழுவும் ரப்பர் குழாயை இழுத்து, மேஸ்திரி திரும்புமுன், நெல்வாவின் பூட்ஸ் மேல் தண்ணீரைப் பாய்ச்சினாள். மறுகையால் அவள் பங்கு மீன்களைத் தன் பக்கம் வாரிக்கொண்டாள்.