ஐம்பது நிமிடப் பயணம்

எங்கள் ஊர் விமான நிலையத்துக்கும் அக்கா ஊர் விமான நிலையத்துக்கும் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம். பத்தொன்பது வருடமாக டிக்கெட் விற்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மலைப்பாதையில் எட்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு நக்கல்தான்.

ஆனால் ஆறு வருடமாக அந்த ஊர்ப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்கா மகள் கல்யாணத்தில் குடும்பப் போட்டோவுக்கு என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன். அக்கா எத்தனையோ முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. வீம்பு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு போட்டோ!

அன்று காலை ஏழு மணிக்கு அக்கா மகள் அழைத்தாள். புது எண் என்பதால் எடுத்துவிட்டேன்.

"மாமா, அம்மாவுக்கு குடல்ல ஓட்டை விழுந்திருக்காம். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. உங்களைப் பார்க்காம உள்ள போக மாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க. பன்னிரண்டு மணிக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சத்தம் போடுறார்."

அக்கா போனை வாங்கினாள். "தம்பி, வர்றியாடா?"

"பத்தரைக்கு பிளைட் இருக்குக்கா. ஐம்பது நிமிஷம்தான். பன்னிரண்டுக்குள்ள உன் பக்கத்துல நிப்பேன்."

பத்தரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் எங்கள் ஊருக்கே வந்து சேரவில்லை. எங்கேயோ மேகமூட்டமாம். ஐம்பது நிமிடம் என்பது சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரைதான். காத்திருப்பது அதில் சேராது. இதை நான் எந்தப் பயணியிடமும் சொன்னதில்லை. கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, "இன்னும் அரை மணி நேரம் சார்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு அக்கா மகள் கேட்டாள், "ஏறிட்டீங்களா மாமா?"

"இதோ, அரை மணி நேரம்."

பதினொன்றே முக்காலுக்கும் அதையேதான் சொன்னேன். பன்னிரண்டரைக்கும்.

எனக்காகக் காத்திருக்க வேண்டாம், உள்ளே போகச் சொல் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். உள்ளே போனவள் திரும்பி வராவிட்டால் நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அவள் உயிரைவிட என் மனபாரம் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. எவ்வளவு கேவலமானவன் நான்.

இரண்டு மணிக்குக் கிளம்பிய விமானம் இரண்டு ஐம்பதுக்கு இறங்கியது. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்கா மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்காவின் செருப்பும் கண்ணாடியும் ஒரு பிளாஸ்டிக் பையில் அவள் மடியில் இருந்தன. ஒரு மணிக்கு நினைவு தப்பிய பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்களாம். பாதி ஆபரேஷனிலேயே உயிர் போய்விட்டது.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"பன்னிரண்டு மணிக்கு அம்மா கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன் மாமா, உள்ள போயிடலாம்மான்னு. கேட்கலை. 'போகணும்னா அவனே சொல்லியிருப்பான்டி. பாவம், பிள்ளைக்கு என்னைப் பார்க்கணும்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கிறேன்'னு சொன்னாங்க."