கொத்தனார் நின்ற பக்கம்

மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்தது கொஞ்ச நாளைக்குத்தான். மாமனாருக்குத் தோள்பட்டை நழுவிக் கட்டுப் போட்டிருந்த சமயம் அது. அவருடையது கண்ணாடி வெட்டும் கடை. கட்டுப் போட்ட கையோடு கண்ணாடியைத் தூக்கினால் கண்ணாடியும் போகும், காலும் போகும். "தோள் சரியாகிற வரைக்கும் வந்து கடையைப் பாத்துக்கங்க மாப்பிள்ளை" என்றார். தோள் சரியாகிவிட்டது. இப்போது அதே கையால் பரணிலிருந்து பெட்டி இறக்குகிறார். மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிற நினைப்பு மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை.

இதில் மாமனாரைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்லும்படி நடந்திருந்தால் மாப்பிள்ளை என்றைக்கோ பெட்டியைக் கட்டியிருப்பானே! அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில்தான் விழும். அவன் ஒரு தும்மல் போட்டால் மாமனார் ஒரு பக்கமும் மாமியார் ஒரு பக்கமும் மாத்திரை தேடுவார்கள்.

வீடு கடைக்கு மேலே. மாடிப்படி நேராகக் கடைக்குள் இறங்கும். வெளியே போக வேறு வழியே கிடையாது. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினால் கல்லாவிலிருந்து குரல் வரும்: "எங்க மாப்பிள்ளை?"

"சும்மா கொஞ்சம் நடந்துட்டு வரலாம்னு மாமா."

"தனியாவா? டேய் சின்னவனே, அத்தானோட துணைக்குப் போ."

சும்மா நடக்கிற நடையும் போயிற்று. படுக்கையறையில்கூட விற்காத நிலைக்கண்ணாடிகள்தான் சுவரோடு சாய்ந்து நின்றன. கீறல் விழாமலிருக்க நடுநடுவே செய்தித்தாள். அந்த அறையில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக முடியும். வருவதற்கு முன்னால் அவன் வேறு ஊரில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி வெட்டுவதும் கோடு போடுகிற வேலைதானே. எண்ணெய் தொட்ட வெட்டுச் சக்கரத்தை அழுத்தி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் கை தயங்கினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அவன் கை தயங்காது. நன்றாக வெட்டினான், அதுதான் அவன் செய்த முட்டாள்தனம்.

கோட்டை விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது சின்னவன், அதாவது மச்சினன். மலையைக் குடைந்து குட்டி ஆட்களுக்குக் கோட்டை கட்ட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. திரையில் பார்த்தால் கறையான் புற்றைக் குறுக்கே வெட்டி வைத்தது போல இருக்கும். ஆனால் அந்த 'அவ்வளவுதானு'க்குள் மூச்சு வாங்கிவிடும். ஆட்கள் தாகத்தில் செத்தார்கள். கிணறு இருந்தது, வாளி வைக்க மறந்துவிட்டார்கள். படுக்கை செய்யாததால் தரையில் படுத்து, மனம் வெறுத்து, ஒருவன் சாப்பாட்டு மேசைகளை எல்லாம் அடித்து நொறுக்கினான். இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாகக் கூடிப் பேசுவார்கள். சின்னவன் அங்கே போய்க் கேட்டுக் கேட்டு வந்தான். மாப்பிள்ளை அதையெல்லாம் உட்கார்ந்து படித்து, வரைபடக்காரன் புத்தியால் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். பிறகு அவன்தான் வீட்டுக்கு வாத்தியார். மனைவியை வீட்டில் பெரியவள் என்று கூப்பிடுவார்கள். அவள்தான் முதல் மாணவி, கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் போதும். பிறகு மாமனாரும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரே கோட்டையை, விளையாட்டுக் கணக்கில் ஆளுக்கு ஒரு வருஷம் என்று மாற்றி மாற்றி ஆள்வது அந்தக் குழுவின் வழக்கம். ஒருவர் ஆளும்போது மற்றவர் கத்தலாம், கை வைக்கக் கூடாது. அதையே இவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கோட்டைக்குள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஓர் ஆள் உண்டு. மாமனார் படைத்தலைவர், கேட்கவா வேண்டும்! சின்னவன் சுரங்கம் தோண்டுகிறவன். பெரியவள் தோட்டக்காரி. மாப்பிள்ளை கொத்தனார். மாமியார் விளையாடவில்லை, தன் ஆள் சாப்பிட்டாளா என்று மட்டும் அடுப்படியிலிருந்து அவ்வப்போது கேட்பாள்.

அந்த வாரம் மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்தது. பழைய அலுவலகத்தில் அவனுக்கு மேலே இருந்தவர், இப்போது சொந்தமாகத் தொடங்கியிருக்கிறார். "பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணோட வரைபட வேலை வந்திருக்குப்பா. உன் கை வேணும். திங்கட்கிழமை சொல்லிடு, இல்லேன்னா வேற ஆளப் பாத்துடுவேன்." குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசினான். பேசி முடித்துக் கண்ணாடியில் பார்த்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. கதவைத் திறப்பதற்குள் அதைத் துடைத்து எறிய வேண்டியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அடிக்கிறவர்களிடம் 'போகிறேன்' என்று சொல்லிவிடலாம். துண்டு பார்த்துப் போடுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? பெரியவளிடமும் சொல்லவில்லை. அவள் அந்த வீட்டில் பிறந்தவள். வீட்டுத் தூணிடம் போய் வீட்டைப் பற்றிப் புலம்ப முடியுமா என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைக்கு விடுமுறை, கீழே ஷட்டர் இறங்கியிருந்தது, சாவி மாமனார் சட்டைப்பையில். கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் வருஷம் முடிகிற தறுவாயில் இருந்தது. முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

அப்போது பார்த்து எதிரிப் படை வந்தது. வரைபடத்தின் வடக்கு ஓரத்தில் கும்பலாகச் சிவப்புப் புள்ளிகள்.

"வாசலை அடைங்க அத்தான்!" என்று சின்னவன் குதித்தான்.

இந்த விளையாட்டில் யாரையும் பார்த்து நேராக 'நீ போய்ச் செய்' என்று சொல்ல முடியாது. படையை மட்டும்தான் நேராக ஏவலாம். மற்றவர்களுக்கு இன்ன இடத்தில் இன்ன வேலை என்று குறி போடலாம். அந்த வேலை தெரிந்தவன் தானாக வந்து செய்வான். மாப்பிள்ளை வாசலில் சுவருக்குக் குறி போட்டான். கொத்தனார் ஓடினார், வாசலைத் தாண்டிப் போய் நின்றார், திரும்பிக் கோட்டையைப் பார்த்தபடி கல்லை அடுக்கினார். சுவர் முடிந்தது. எல்லாரும் உள்ளே, கொத்தனார் மட்டும் வெளியே.

கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஐயையோ, மாப்பிள்ளை வெளிய மாட்டிக்கிட்டாரு!" என்றார் மாமனார்.

மாட்டிக்கொண்டாரா? மாப்பிள்ளைக்கு அப்படித் தெரியவில்லை. படை வடக்கே இருந்தது. தெற்கே வெறும் புல்வெளி, திரையின் விளிம்பு வரைக்கும் ஒரு தடையும் இல்லை. அந்தக் குட்டி ஆள் புல்லில் இரண்டு அடி எடுத்து வைத்தான். பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு நெஞ்சில் குளுகுளுவென்று காற்றுப் புகுந்தது. போடா, போ, திரும்பிப் பார்க்காதே என்று மனதுக்குள் கத்தினான்.

"சுவத்தை இடிங்க மாப்பிள்ளை. அவரை உள்ள கூப்பிடுங்க."

"வேணாம் மாமா. ஒரு ஆள்தானே. சுவத்தை இடிச்சா அத்தனை பேருக்கும் ஆபத்து."

"ஒரு ஆளா?" மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். "யாரைப் பாத்து ஒரு ஆள்ங்கிறீங்க? நம்ம பிள்ளைய வெளிய நிறுத்திட்டு நாம உள்ள உக்காந்து திங்கவா? என் ஆளை அனுப்புங்க, படையோட போகட்டும். செத்தா சாகட்டும்!"

"அப்பா சொல்றது சரிதான் அத்தான்" என்றான் சின்னவன். அடுப்படியிலிருந்து மாமியாரும் கரண்டியோடு வந்து நின்றாள்: "என்ன ஆச்சு? மாப்பிள்ளைக்கு என்ன?"

அவனுடைய வருஷம். அவன் கைதான் செய்ய வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. எல்லார் கண்ணும் அந்தக் கையின் மேல். கடைசியில் சுவரை இடிக்கக் குறி போட்டான். படைத்தலைவரை வெளியே அனுப்பினான். உள்ளே ஒரு வேலைக்குக் குறி போட்டு, புல்வெளியில் பாதி தூரம் போயிருந்த தன்னைத் தானே திருப்பிக் கூப்பிட்டான்.

படைத்தலைவர் வாசலில் நின்று சண்டை போட்டுச் செத்தார். கூட நான்கைந்து பேர் செத்தார்கள். கொத்தனார் உள்ளே வந்து சேர்ந்து, மறுபடியும் சுவர் எழும்பியது, இந்தத் தடவை உள்பக்கமிருந்து. மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் போனா போவுது, நம்ம ஆள் உள்ள வந்தாச்சுல்ல!" என்று மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். நல்ல பலமான கை, தோள் அருமையாகக் கூடியிருந்தது. இனி இவரிடம் எந்த வாயால் சொல்வது?

தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். பின்னாலேயே பெரியவள் ஒருக்களித்து நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"ஏன் அப்படிப் பண்ணினீங்க?"

"எப்படி?"

"சுவர் வைக்கும்போது வெளிப்பக்கக் கட்டத்துல முதல்ல ஒரு தடுப்புக்குக் குறி போடணும், அப்பத்தான் நிக்க இடமில்லாம கொத்தனார் உள்ள வந்து நிப்பாருன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"அவசரத்துல கவனிக்கல."

"கவனிக்காத ஆளா நீங்க? கொத்து வேலை தெரிஞ்ச மத்தவங்களுக்கெல்லாம் அந்த வேலையை நிறுத்தி வேற வெச்சிருக்கீங்க. யார் வந்தாலும் நீங்கதான் வரணும். நீங்கதான் வெளிய நிக்கணும்." அவள் குரல் இறங்கியது. "எங்க போறீங்க?"

தடுப்பை மறந்துவிட்டேன் என்றுதான் மாப்பிள்ளை தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான். கை மறக்கவில்லை என்பது அவள் சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. போன் வந்ததைச் சொன்னான், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அந்தச் சுவர் ஏறும்போது என் ஆள் எங்க நின்னா, பாத்தீங்களா?" என்றாள் கடைசியில்.

"தோட்டத்துல... இல்லையா?"

"உங்களுக்குக் கல்லு தூக்கிட்டு வந்ததே அவதான். சுவத்தை ஒட்டி, உள்பக்கம் நின்னுக்கிட்டு இருந்தா. வெச்சு அடைச்சீங்க. திரும்பிக்கூடப் பார்க்கல."

"உனக்கு இது பிறந்த வீடு. உனக்குப் பிடிக்கும்னு..."

"பிறந்த வீடுதான். நாம வாடகைக்கு இருந்தோமே, ஒத்தை ஜன்னல் வீடு, அங்கேர்ந்து கிளம்புறப்போ நான் எங்க இருந்தேன் தெரியுமா? மொட்டை மாடில. துணி எடுக்கிற சாக்குல நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன். அப்பா உங்களத்தான் கூப்பிட்டாரு. நீங்க சரின்னீங்க. என்னை யாரு கேட்டா? நீங்களாவது எங்கேர்ந்தோ வந்தவர், 'எங்க மாப்பிள்ளை?'ன்னாவது கேப்பாங்க. நான் செருப்பைப் போட்டா, 'உனக்கென்ன வெளிய வேலை'ன்னுதானே கேக்குறாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது. இத்தனை நாளாக இந்த இடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மூச்சு முட்டுகிறது தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வா, சொல்லிடலாம்" என்றான்.

கூடத்தில் மாமனார் தன் வருஷத்தைத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் சின்னவன். மாப்பிள்ளையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க, தலைவலி விட்டுதா? இங்க பாருங்க, உங்க ஆளுக்கு மலையோட நட்டநடுவுல பெரிய அறையா குடையச் சொல்லியிருக்கேன். எந்தப் படை வந்தாலும் அங்க ஒரு ஈ நுழைய முடியாது."

"நல்லா இருக்கு மாமா" என்று அவன் வாய் சொன்னது. அதற்கு மேல் வரவில்லை.

பெரியவள் முன்னால் வந்தாள். "அப்பா, இவருக்குப் பழையபடி வரைபட வேலை கிடைச்சிருக்கு. நாங்க ரெண்டு பேரும் போறோம்."

மாமனார் மகளைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். "அப்படியா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா" என்றான். எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. சொல்லிவிட்டான்.

இப்போது கத்துவார், கத்தட்டும் என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டான். மாமனார் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி முனையால் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "நல்ல வேலைதானே, போக வேண்டியதுதான்" என்றார். பிறகு எட்டி ஒரு பொத்தானை அழுத்தி விளையாட்டை நிறுத்தினார். திரையில் ஆட்கள் எல்லாரும் தூக்கிய காலோடு அப்படியே நின்றார்கள்.

"எப்ப திரும்பி வருவீங்க?" என்று கேட்டார். கோபம் துளியும் இல்லை, அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மாமியாரும் கரண்டியை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள், தேதியைக் கேட்டுக்கொள்ள.